வீடு மாறியதால் ஆர்டிஇ சீட்டை ரத்து செய்ய முடியுமா?

செம்பியம் ஜெராக்ஸ்:

வணக்கம். பெரம்பூர் பேப்பர் மில்ஸ் ரோட்டை ஒட்டிய சந்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஏப்ரல், மே வந்தால் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஆர்டிஇ (கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் நலிவடைந்த பிள்ளைகளுக்கான இருபத்தைந்து சதவீத இலவச இடம்) விண்ணப்பம் போடத்தான் வருவார்கள். இந்த வருஷம் (2024) முப்பத்தெட்டு பேருக்குப் போட்டுக் கொடுத்தேன். முப்பத்தொன்பதாவது என் மகளுக்கு. அதனால் "விவரம் தெரியாமல் எதையாவது தப்பாகப் போட்டிருப்பீர்கள்" என்று மட்டும் யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.

மே கடைசியில் பள்ளியிலேயே குலுக்கல் நடந்தது. பதினோராவது சீட்டு எங்களுடையது. எல்கேஜி. ஜூன் மாதம் பள்ளி திறந்ததிலிருந்து போய் வருகிறாள். அட்மிஷன் நம்பர், எமிஸ் நம்பர் (கல்வித் துறையின் மாணவர் பதிவு எண்), ஐடி கார்டு எல்லாம் வந்துவிட்டன.

ஜூலையில் வீட்டு ஓனர் காலி செய்யச் சொல்லிவிட்டார். அவர் மகனுக்குக் கல்யாணமாம், மாடி வேண்டுமாம். ஆறு வருஷம் இருந்த வீடு. பெயிண்ட் அடிக்க என்று அட்வான்ஸில் ஒரு மாச வாடகையைப் பிடித்துக்கொண்டார், அது வேறு கதை. பெரம்பூரில் எங்கள் கைக்கு எட்டிய வாடகையில் எதுவும் அமையவில்லை. மூலக்கடை தாண்டித்தான் கிடைத்தது. பள்ளியிலிருந்து இரண்டரை கிலோமீட்டர். எனக்குக் கடை இங்கேதான் என்பதால் காலையில் டிவிஎஸ் எக்ஸெல்லில் முன்னால் நிற்க வைத்துக் கூட்டி வந்துவிடுகிறேன். ஒரு நாள்கூட லேட் கிடையாது.

புது முகவரியை நாங்களேதான் டைரியில் எழுதிக் கொடுத்தோம். அடுத்த வாரம் ஆபீசிலிருந்து என் மனைவியைக் கூப்பிட்டார்கள். "ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தால்தான் ஆர்டிஇ. நீங்கள் பொய் முகவரி கொடுத்துச் சீட் வாங்கியிருக்கிறீர்கள். சீட் கேன்சல். முழு ஃபீஸ் கட்டினால் பிள்ளை இருக்கலாம், இல்லையென்றால் டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார்களாம். அதோடு ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, "சொந்த விருப்பத்தின் பேரில் விலகிக்கொள்கிறோம்" என்று அவர்களே வாசகம் சொல்லி எழுதச் சொல்லியிருக்கிறார்கள்.

என் மனைவி பி.காம். "எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது மேடம், அவர் வந்து எழுதுவார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். வாழ்க்கையில் அவள் சொன்ன முதல் பொய் என்கிறாள். அதை நான் முழுசாக நம்பவில்லை, ஆனால் நல்ல நேரத்தில் சொன்னாள்.

வீடு மாறினால் சீட் போய்விடுமா? ரத்து செய்யும் அதிகாரம் பள்ளிக்கு இருக்கிறதா? திங்கட்கிழமை பாப்பாவை அனுப்பலாமா? கேட்டில் நிறுத்தி வைத்துவிட்டால் என்ன செய்வது? அவளுக்கு நாலு வயது. பள்ளியின் பெயரைக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். பிள்ளை அங்கேதான் படிக்க வேண்டும்.

கொளத்தூர் அம்மா:

தம்பி, முதலில் உங்கள் வீட்டம்மாவுக்கு ஒரு காபி போட்டுக் கொடுங்கள். அந்தத் தாளில் எழுதியிருந்தால் இன்றைக்கு நீங்கள் கேட்க ஒன்றுமே இருந்திருக்காது. என் தங்கை மகன் விஷயத்தில் அதுதான் நடந்தது. அவள் நம்பி எழுதிக் கொடுத்துவிட்டாள். பிறகு எங்கே போய்க் கேட்டாலும் "நீங்களே விலகியதாக எழுதியிருக்கிறீர்களே அம்மா" என்று அந்த ஒரு தாளைத்தான் நீட்டினார்கள்.

திங்கட்கிழமை கண்டிப்பாக அனுப்புங்கள். யூனிஃபார்ம் போட்டு, டைரியோடு, நேரத்துக்கு. நீங்களாக நிறுத்தினால் அதையே "பிள்ளை வரவில்லை" என்று எழுதிவிடுவார்கள். வாசலில் விடவில்லை என்றால் சத்தம் போடாமல், தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

பழைய கிளார்க்:

நான் ஒரு மெட்ரிக் பள்ளி அலுவலகத்தில் பதினான்கு வருஷம் இருந்தவன். அங்கே எப்படி யோசிப்பார்கள் என்று தெரியும். ஆர்டிஇ பிள்ளைக்கு அரசு பணம் தரும், ஆனால் தாமதமாகத் தரும். தருவதும் அரசு நிர்ணயித்த தொகைதான், பள்ளி வாங்குகிற ஃபீஸ் இல்லை. அதனால் அந்த இருபத்தைந்து சதவீதத்தை நஷ்டக் கணக்காகவே பார்க்கிற நிர்வாகங்கள் உண்டு. நான் அதை நியாயப்படுத்தவில்லை.

ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முகவரிக்கு முன்னால் பண விஷயமாக ஏதாவது உரசல் இருந்ததா? பதினான்கு வருஷத்தில் முகவரியை மட்டும் வைத்து ஒரு பிள்ளையை அனுப்பியதை நான் பார்த்ததில்லை.

செம்பியம் ஜெராக்ஸ்:

சார், எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? ஜூனில் புத்தகம், யூனிஃபார்ம், "ஆக்டிவிட்டி" என்று 9,500 ரூபாய் கேட்டார்கள். 4,000 கட்டினேன். மீதிக்கு ரசீது கொடுத்தால்தான் கட்டுவேன் என்றேன். துண்டுச் சீட்டில் பென்சிலால் எழுதிக் கொடுத்தார்கள். நான் பில் புக் அடித்துக் கொடுத்துப் பிழைக்கிறவன் சார், என்னிடமே துண்டுச் சீட்டா? "அச்சடித்த ரசீது வேண்டும்" என்று எல்லார் முன்னாலும் கொஞ்சம் சத்தமாகக் கேட்டுவிட்டேன். அன்றிலிருந்து ஆபீஸில் பணம் வாங்குகிற அந்த அம்மா என் முகத்தைப் பார்ப்பதில்லை.

பழைய கிளார்க்:

சரி, அப்போது முகவரி வெறும் சாக்கு. ஆனால் மனுவில் இந்தக் கதையை முதலில் எழுதாதீர்கள். கடைசியில் ஒரு பத்தி போதும், அந்தத் துண்டுச் சீட்டின் நகலோடு. முன்னால் எழுதினால் ஃபீஸ் தகராறு என்று ஓரம் கட்டிவிடுவார்கள்.

குலுக்கல் நடந்தபோது எங்கே குடியிருந்தீர்கள் என்பதற்கு என்ன ஆதாரம் வைத்திருக்கிறீர்கள்? அதைத் தேடுங்கள். ஈ.பி. கார்டு ஓனர் பெயரில் இருக்கும், அது உதவாது. வாடகை ஒப்பந்தம், கேஸ் ரசீது, ரேஷன் கார்டு, ஆதார். காலி செய்த தேதியைக் குறித்து ஓனர் கையால் நாலு வரி வாங்க முடிந்தால் இன்னும் நல்லது. மாடி வேண்டும் என்று கேட்டவர்தானே, எழுதிக் கொடுக்கட்டும்.

நியாயம் பேசுபவன்:

கோபப்படாதீர்கள். இப்போது இரண்டரை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறீர்கள். பள்ளிக்கு எதிர் சந்திலேயே ஒரு பிள்ளை வெயிட்டிங் லிஸ்ட்டில் இருக்கலாம். அந்தப் பிள்ளையின் அப்பாவும் உங்களைப் போலத்தானே?

செம்பியம் ஜெராக்ஸ்:

இருக்கலாம். அவர் விண்ணப்பத்தையும் நானே போட்டுக் கொடுத்திருக்கலாம். ஆனால் வாடகை வீட்டுக்காரன் பிள்ளை எல்கேஜியிலிருந்து எட்டாவது வரை ஒரே தெருவில் இருக்க வேண்டும் என்றால், ஆர்டிஇ சொந்த வீட்டுக்காரர்களுக்கு மட்டும் என்று போர்டு மாட்டிவிடலாம்.

உயர் நீதிமன்ற வாசல்:

அண்ணா, நான் வழக்கறிஞர். பொதுவாகச் சொல்கிறேன், காகிதங்களைப் பார்க்காமல் இதற்கு மேல் சொல்ல முடியாது.

பலரும் உங்களிடம் "பிரிவு 16 இருக்கிறது, எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையை வெளியேற்றக் கூடாது" என்று சொல்வார்கள். பிரிவு உண்மைதான். ஆனால் 2009 கல்வி உரிமைச் சட்டத்தில் "குழந்தை" என்றால் ஆறு முதல் பதினான்கு வயது. உங்கள் மகளுக்கு நாலு. எதிர்த்தரப்பில் கெட்டிக்கார வக்கீல் இருந்தால் முதலில் அதைத்தான் பிடிப்பார். எனவே அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

பிரிவு 12(1)(இ)-ஐ எடுத்து வாசியுங்கள். அருகமைப் பகுதியில் உள்ள நலிவடைந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுக் குழந்தைகளைச் சேர்க்க வேண்டும், தொடக்கக் கல்வி முடியும்வரை இலவசமாகத் தர வேண்டும் என்கிறது. அருகமை என்ற நிபந்தனை சேர்க்கையோடு ஒட்டி நிற்கிறது. அதற்குப் பிறகு வருவது "முடியும்வரை" என்ற பொறுப்பு. எல்கேஜி நடத்துகிற பள்ளி என்றால் அந்தச் சேர்க்கைக்கும் இது பொருந்தும் என்று அதே பிரிவின் காப்புரை (பிரிவோடு சேர்ந்து வரும் கூடுதல் விதி) சொல்கிறது. உங்கள் வாதம் இங்கேதான் நிற்கிறது: சேர்ந்த நாளில் நீங்கள் ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தீர்கள். பிறகு வீடு மாறியது பொய் சொன்னது ஆகாது. இரண்டையும் பள்ளி வேண்டுமென்றே குழப்புகிறது. மே மாதமே வேறு இடத்தில் இருந்துகொண்டு பழைய முகவரியைக் கொடுத்திருந்தால் கதையே வேறு. அப்படி இல்லையே?

அடுத்தது, இந்தச் சீட் கல்வித் துறை மேற்பார்வையில் நடந்த குலுக்கலில் கிடைத்தது. நோட்டீஸ் இல்லை, விளக்கம் கேட்கவில்லை, எழுத்தில் ஒரு வரி இல்லை. வாய்வார்த்தையாக ஆபீஸ் ரூமில் ரத்து செய்தேன் என்றால் எந்த அதிகாரியும் அதை ஏற்கத் தயங்குவார்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். பள்ளிக்கு ஒரு கடிதம்: எந்த விதியின் கீழ், யார் உத்தரவில் ரத்து என்று எழுத்தில் தாருங்கள், அதுவரை மகள் வகுப்புக்கு வருவாள். ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள். அதன் நகலை இணைத்து, தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலருக்கும் முதன்மைக் கல்வி அலுவலருக்கும் மனு. பிரிவு 32-இன் கீழ் எழுத்துப்பூர்வ புகாருக்கு மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். முடிவு பிடிக்கவில்லை என்றால் மேல்முறையீடு மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு.

மூன்று மாதம் பிள்ளை வீட்டில் உட்கார்ந்தால்தான் நீதிமன்றம். அதற்கும் காசில்லையே என்று பயப்பட வேண்டாம். 1987-ஆம் வருஷத்துச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. அதனால் மனு உங்கள் பெயரில் வேண்டாம், எழுதப் படிக்கத் தெரியாத உங்கள் மனைவி பெயரில் போடுங்கள்.

டி.சி.யைக் காட்டி மிரட்டினால் இன்னொன்றும் நினைவிருக்கட்டும். ஃபீஸ் பாக்கியை வசூலிக்க டி.சி.யைக் கருவியாக்கக் கூடாது என்று இந்த ஜூலையில்தான் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

கொளத்தூர் அம்மா:

வக்கீலம்மா, நன்றாகச் சொன்னீர்கள். தம்பி, தபாலில் போடுவதோடு நிற்காமல் நேரிலும் ஒரு நகலைக் கொடுத்து சீல் வாங்குங்கள். "மேடம் லீவு, நாளைக்கு வாங்க" என்பார்கள். நாளைக்கும் போங்கள்.

செம்பியம் ஜெராக்ஸ் (ஐந்து வாரம் கழித்து):

எல்லாருக்கும் பதில் போடாமல் இருந்ததற்கு மன்னிக்கவும். கொஞ்சம் அலைச்சல்.

அந்தத் திங்கட்கிழமை அனுப்பினேன். கேட்டில் வாட்ச்மேன் ஐடி கார்டைப் பார்த்தார், உள்ளே விட்டுவிட்டார். அவருக்கு யாரும் சொல்லவில்லை போல. புதன்கிழமை கடிதம் போய்ச் சேர்ந்தது. வியாழன் கேட்டில் நிறுத்தினார்கள். பாப்பா "அப்பா, இன்னைக்கு லீவா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லி ஐஸ் வாங்கிக் கொடுத்துக் கடையிலேயே வைத்துக்கொண்டேன். லேமினேஷன் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து ஏ, பி, சி, டி எழுதினாள். இப்படி ஏழு நாள்.

ஓனர் நாலு வரி கேட்டதற்கு ஒன்றரை வரிதான் எழுதிக் கொடுத்தார், ஆனால் தேதி போட்டுக் கொடுத்தார். அது போதுமாக இருந்தது. மனைவி பெயரில் மனு. கல்வி அலுவலகத்தில் முதல் நாள் "செக்‌ஷன் கிளார்க் வரவில்லை", இரண்டாம் நாள் "இணைப்பு சரியாக இல்லை". என்ன சரியில்லை என்று கேட்டால் பக்க எண் போடவில்லையாம். என்னிடம்! அங்கேயே உட்கார்ந்து இருபத்திரண்டு பக்கத்துக்கும் எண் போட்டுக் கொடுத்து சீல் வாங்கினேன்.

பன்னிரண்டாம் நாள் இரு தரப்பையும் கூப்பிட்டார்கள். அதிகாரி பள்ளிக்காரர்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "குலுக்கல் நாளில் இவர்கள் எங்கே இருந்தார்கள்?" அவர்களிடம் பதில் இல்லை. "ரத்து உத்தரவு எங்கே?" என்றார். அதுவும் இல்லை. "நாங்கள் ரத்தே செய்யவில்லை சார், முகவரிச் சான்றுதான் கேட்டோம்" என்றார்கள். என் மனைவி உடனே வாயைத் திறந்தாள், நான் காலை மிதித்தேன். செய்யவே இல்லை என்றால் நமக்கும் நல்லதுதானே.

அடுத்த நாளிலிருந்து போகிறாள். அந்த ஏழு நாளுக்கு வருகைப் பதிவேட்டில் ஆப்சென்ட் போட்டிருக்கிறார்கள். அதைத் திருத்தச் சொல்லி இன்னொரு கடிதம் எழுதலாமா, விட்டுவிடலாமா என்று வீட்டில் சண்டை. வக்கீலம்மா, அது அவசியமா?

உயர் நீதிமன்ற வாசல்:

எழுதுங்கள் அண்ணா. மூன்று வரி போதும். பக்க எண் மறக்க வேண்டாம்.

செம்பியம் ஜெராக்ஸ்:

சரி. 5,500 ரூபாய் பாக்கிக்கு நேற்று அச்சடித்த ரசீது புத்தகத்தோடு கூப்பிட்டார்கள். ரசீதில் "நன்கொடை" என்று போட்டிருந்தது. கட்டாமல் வந்துவிட்டேன். அதற்குத் தனியாக ஒரு கேள்வி போடுகிறேன்.