பிறந்தநாள் விருந்துக்கு வாங்கிய குளிர்பானங்கள்: லேபிளைப் படித்தால் அச்சமாக இருக்கிறது, அவசரமாக ஆலோசனை தேவை

புதுவரவு:
அனைவருக்கும் வணக்கம். நாங்கள் இங்கு குடிவந்து சில வாரங்களே ஆகின்றன. சனிக்கிழமை மகளுக்குப் பிறந்தநாள். வகுப்புப் பிள்ளைகள் அனைவரையும் அழைத்துவிட்டோம். தமிழ்க் கடையில் ஆரஞ்சு குளிர்பானமும், சூப்பர் மார்க்கெட்டில் சர்க்கரை இல்லாத கோலாவும் வாங்கி வைத்திருக்கிறோம். நேற்று வந்த பக்கத்து வீட்டு அம்மையார் பாட்டில்களைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இவற்றைக் கொடுத்தால் மற்றப் பெற்றோர்கள் சும்மா இருக்க மாட்டார்கள் என்று சொல்லிச் சென்றார். ஆரஞ்சு பாட்டிலில், குழந்தைகளின் செயல்பாட்டையும் கவனத்தையும் பாதிக்கக்கூடும் என்று ஆங்கிலத்தில் ஒட்டியிருக்கிறது. கோலாவில் அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பூட்டியும், இ எண்கள் எனப்படும் உணவுச் சேர்க்கைக் குறியீடுகள் இன்னும் சிலவும் இருக்கின்றன. இவை நஞ்சா? எல்லாவற்றையும் கொட்டிவிடலாமா? இரண்டு நாள்தான் இருக்கிறது.

நீர்மோர்ப்பந்தல்:
பாட்டிலில் அடைத்து வருவதை வாங்கிவிட்டு அதன் லேபிளை ஆராய்வதைவிட, வாங்காமல் இருப்பதே மேல். எலுமிச்சம்பழம், வெல்லம், சுக்கு, ஏலக்காய் கிடைக்காத நாடு எதுவும் இன்று இல்லை. ஒரு பெரிய பாத்திரத்தில் பானகம் கரைத்து வையுங்கள். குழந்தைகள் கேட்டு வாங்கிக் குடிப்பார்கள்.

ஸ்கார்பரோ வாசி:
நாங்கள் வந்த முதல் குளிர்காலத்தில் நான் கிடங்கொன்றில் இரவு வேலை செய்தேன். இடைவேளையில் இயந்திரத்தில் காசு போட்டால் வரும் சோடாதான் சாப்பாடு, அதன் லேபிளைப் படிக்க நேரமும் இல்லை, சொல்லித்தர ஆளும் இல்லை. உங்களுக்கு அந்தச் சிரமம் இராது. 2026 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து, சர்க்கரை அதிகமான பொருட்களின் முகப்பில் பூதக்கண்ணாடிச் சின்னம் இருக்க வேண்டும் என்பது இங்கே கனடாவில் சட்டம். அந்தச் சின்னம் உள்ளதை விட்டுவிடுங்கள். இலங்கையில்கூட 2016 முதல் குளிர்பானங்களுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளம் உண்டு. என்னைக் கேட்டால், இரசாயன இனிப்பூட்டியைவிடத் தூய பழச்சாறு எவ்வளவோ மேல்.

தெம்பனிஸ் கணக்கர்:
மேலே சொன்னதை நான் ஏற்கவில்லை. ஆரஞ்சுச் சாற்றிலும் 100 மில்லி லிட்டருக்கு ஏறத்தாழ 8 கிராம் சர்க்கரை இருக்கும். பானகத்து வெல்லமும் சர்க்கரைதான். சிங்கப்பூரில் 2022 டிசம்பர் இறுதியிலிருந்து பானங்களுக்கு ‘நியூட்ரிகிரேட்’ என்று ஏ முதல் டி வரை தரம் இடுகிறார்கள். 100 மில்லி லிட்டரில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் டி, அதற்கு விளம்பரமே கூடாது. அஸ்பார்டேமைப் பொறுத்தவரை, உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2023 ஜூலையில் அதை ‘புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடியவை’ என்ற பிரிவில் சேர்த்தது உண்மை. ஆனால் அதே நாளில் உணவுச் சேர்க்கைகளை ஆராயும் வல்லுநர் குழு, உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய தினசரி வரம்பை மாற்ற வேண்டியதில்லை என்றும் சொன்னது. செய்தித்தாள்கள் முதல் பாதியைத்தான் பெரிதாகப் போட்டன.

ஹேரோ சோடாக்காரன்:
வரம்பு இருக்கட்டும், சுவையைப் பற்றி யாராவது பேசுங்கள். பிரிட்டனில் 2018 ஏப்ரலில் சர்க்கரை வரி வந்தது. 100 மில்லி லிட்டருக்கு 5 கிராமைத் தொட்டால் வரி என்றதும், பல நிறுவனங்கள் சர்க்கரையைக் குறைத்து இனிப்பூட்டியைக் கலந்துவிட்டன. குடித்து முடித்தபின் நாக்கில் ஒரு கசப்பு நிற்கிறது. சரி, நம் ஊர்ச் சரக்கே வாங்குவோம் என்று தமிழ்க் கடைக்குப் போனால், இறக்குமதிக்காரர் தன் ஸ்டிக்கரை மூலப்பொருள் பட்டியலின்மேலேயே ஒட்டிவிடுகிறார். நகத்தால் சுரண்டித்தான் படிக்க வேண்டியிருக்கிறது!

நீர்மோர்ப்பந்தல்:
அதனால்தான் பானகம் என்றேன். கோடையில் நன்னாரியும் உண்டு.

ஈஸ்ட்ஹாம் அக்கா:
தம்பி, எல்லோரும் அவரவர் நாட்டுச் சட்டத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள், மகளுக்கு எத்தனை வயது, விருந்து எங்கே என்பதைச் சொன்னால்தானே உருப்படியாகப் பதில் சொல்ல முடியும்?

புதுவரவு:
மன்னியுங்கள் அக்கா. இங்கிலாந்து, லெஸ்டர். மகளுக்கு ஐந்து வயது நிறைகிறது. விருந்து குழந்தைகளுக்கான விளையாட்டுக் கூடம் ஒன்றில் நடக்கிறது. வெளிப் பானங்களைக் கொண்டுவரலாம் என்றார்கள். அவர்கள் பங்குக்குப் பிள்ளைக்கு ஒன்றாக நீல நிற ஸ்லஷ் என்ற பனித்துகள் பானம் இலவசம். அதிலும் சர்க்கரை இல்லை என்று சொன்னதால் அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை.

ஈஸ்ட்ஹாம் அக்கா:
நீங்கள் முதலில் கவலைப்பட வேண்டியது அந்த ஸ்லஷைப் பற்றித்தான். சர்க்கரை குறைந்தால் அது கட்டியாக உறைந்துவிடும் என்பதற்காக கிளிசரால் என்ற இ422 சேர்ப்பார்கள். சிறு உடலில் அது விரைவாகச் சேர்ந்தால் தலைவலி, வாந்தி, சில வேளை இரத்தச் சர்க்கரை சரிந்து மயக்கம்கூட வரும். ஏழு வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கிளிசரால் கலந்த ஸ்லஷ் கொடுக்கவே வேண்டாம் என்று இங்குள்ள உணவுத் தரக் கழகம் 2025இல் அறிவுறுத்தியிருக்கிறது. கோப்பையில் பிடித்துக் கொடுக்கும் பண்டத்துக்கு லேபிள் இராது. ஆகவே தொலைபேசியில் கேளுங்கள். கிளிசரால் இல்லை என்று அவர்கள் உறுதியாகச் சொல்லாவிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஆரஞ்சு பாட்டிலுக்கு வருவோம். அந்த எச்சரிக்கை, சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகம் 2007இல் வெளியிட்ட ஆய்வையொட்டி வந்தது. இ102, இ104, இ110, இ122, இ124, இ129 ஆகிய ஆறு நிறங்களில் ஒன்று இருந்தாலும் 2010 ஜூலையிலிருந்து அதை அச்சிட்டாக வேண்டும். இந்தியப் பாட்டிலில் ஐ.என்.எஸ். 110 என்று இருப்பதும் இ110தான். அது நஞ்சு அல்ல, தடை செய்யப்பட்டதும் அல்ல. ஆயினும் ஊரார் பிள்ளைகளுக்கு, எச்சரிக்கை ஒட்டியிருப்பதை நாமாக ஊற்றிக் கொடுப்பது முறையாகாது. எல்லா இ எண்ணும் ஒன்றல்ல என்பதையும் பாருங்கள்: இ300 வைட்டமின் சி, இ330 சிட்ரிக் அமிலம், இ160ஏ கேரட்டுக்கு நிறம் தரும் கரோட்டின்.

கோலாவில் சர்க்கரை இல்லையென்றாலும் காஃபீனும் பாஸ்பாரிக் அமிலமும் உண்டு. முன்னது தூக்கத்தையும் பின்னது பல்லையும் கெடுக்கும். ஐந்து வயதுக்கு அது வேண்டாம். அஸ்பார்டேம் உள்ள பாட்டிலில் காணும் பினைல் அலனின் பற்றிய எச்சரிக்கை வரி, பினைல்கீட்டோனூரியா என்ற அரிய பரம்பரைக் கோளாறு உள்ளவர்களுக்காக மட்டும் போடப்படுவது. அழைப்புச் செய்தியில், ஒவ்வாமையோ உணவுக் கட்டுப்பாடோ உள்ள குழந்தை உண்டா என்று ஒரு வரி கேட்டுவிடுங்கள்.

நான்கு முதல் ஆறு வயது வரை, சேர்க்கும் சர்க்கரையும் சாறு, தேன் முதலியவற்றின் சர்க்கரையும் சேர்ந்து நாளுக்கு 19 கிராமுக்கு மேல் போகக் கூடாது என்கிறது இங்குள்ள அரசுச் சுகாதாரச் சேவையான என்.எச்.எஸ். சாதாரண கோலா ஒரு கேனிலேயே 35 கிராம். கேக் வேறு இருக்கிறது. எனவே தண்ணீர் வையுங்கள். நிறம் வேண்டுமென்றால் சர்க்கரை சேர்க்காத ஸ்குவாஷை நன்றாக நீர்த்து வையுங்கள். சாறு கொடுத்தால் 150 மில்லி லிட்டர் போதும். முகப்பு வாசகத்தை நம்பாமல் பின்பக்க அட்டவணையில் 100 மில்லி லிட்டர் என்ற வரிசையைப் பாருங்கள். பாட்டிலுக்குப் பாட்டில் ஒப்பிட அதுதான் பொது அளவு.

புதுவரவு:
கூடத்தில் பேசிவிட்டேன் அக்கா. அவர்களுடைய ஸ்லஷில் கிளிசரால் இருக்கிறதாம். அதற்குப் பதிலாகத் தண்ணீர் பாட்டில்கள் தருகிறோம் என்று ஒப்புக்கொண்டார்கள். வாங்கிய ஆரஞ்சு பானத்தை வீட்டில் பெரியவர்கள் குடிக்கலாமா?

ஈஸ்ட்ஹாம் அக்கா:
தாராளமாகக் குடிக்கலாம். பெரியவர்களுக்கு நாளுக்கு 30 கிராம் என்ற வரம்பை மட்டும் நினைவில் வைத்து, பாட்டிலில் உள்ள சர்க்கரைக் கணக்கைப் பார்த்துப் பங்கிடுங்கள்.