குன்றா, கதையா? 2004-இல் சிமெலுவே மக்களைக் காப்பாற்றியது எது?

நெய்தல்வாசி:
"கதை வெறும் பொழுதுபோக்கு, ஒரு சமூகத்தின் நாளையைத் தீர்மானிப்பவை கருவிகளே" என்று நேற்று வேறோர் இழையில் அளவுகோல் எழுதியதைப் படித்ததிலிருந்து என் மனம் ஆறவில்லை. சுமத்ராவுக்கு மேற்கே சிமெலுவே என்றொரு தீவு உண்டு. 1907 ஜனவரியில் நிலம் அதிர்ந்து, கடல் வற்றிப் பின் பொங்கியபோது அங்கே பெருந்தொகையானோர் மாண்டார்கள். எஞ்சியவர்கள் அந்த அலைக்கு 'ஸ்மோங்' என்று பெயரிட்டு, தாலாட்டிலும் திண்ணைப் பேச்சிலும் அதைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள்: நிலம் பலமாக ஆடி, கடல் பின்வாங்கினால், எதையும் எடுக்க நில்லாமல் மேட்டுக்கு ஓடு. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது, ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த அத்தீவில் இறந்தவர்கள் ஏழு பேர். வடமுனையில் உள்ள லாங்கி என்னும் ஊருக்கு, நிலம் ஆடிய எட்டு நிமிடத்தில் அலை வந்தது. அவ்வூரில் ஒருவர்கூட இறக்கவில்லை. எந்தக் கருவி அந்த எட்டு நிமிடத்தில் அவர்களை எழுப்பியது என்று அளவுகோல் சொல்லட்டும்.

அளவுகோல்:
சொல்கிறேன். அவர்களைக் காப்பாற்றியது குன்று. சிமெலுவேயில் கடற்கரையை ஒட்டியே குன்றுகள் இருக்கின்றன. எட்டு நிமிடத்தில் ஏறிவிடக்கூடிய உயரம் பக்கத்தில் இருந்ததால் ஓடியவர்கள் பிழைத்தார்கள். அதே கதையைச் சுமத்ராவின் தட்டையான பண்டா ஆச்சே நகரில் ஆயிரம் முறை சொல்லியிருந்தாலும் அவர்கள் எங்கே ஏறியிருப்பார்கள்? நிலத்தின் அமைப்பு செய்த வேலைக்குப் பாட்டிகளிடம் பட்டயம் கொடுக்காதீர்கள்.

நெய்தல்வாசி:
1907-இலும் அதே குன்றுகள் அங்கேதான் இருந்தன. அன்று ஏன் மக்கள் செத்தார்கள்?

ஏட்டுச்சுவடி:
கடல்கோளைப் பற்றித் தமிழனுக்குச் சொல்லித்தர இந்தோனேசியத் தீவு ஒன்று வேண்டியிருக்கிறதே என்பதுதான் என் வருத்தம். பஃறுளியாற்றையும் குமரிக்கோடு என்னும் மலையையும் கடல் கொண்டதைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. புகார் நகரைக் கடல் விழுங்கியதை மணிமேகலை சொல்கிறது. முந்தைய சங்கங்கள் இருந்த ஊர்கள் கடலில் மறைந்ததை இறையனார் களவியல் உரை சொல்கிறது. இவ்வளவு பழமையான நினைவை வைத்திருக்கும் இனத்தைப் பற்றி நெய்தல்வாசி ஒரு வரிகூட எழுதாதது தற்செயல் அன்று. சென்ற ஆண்டு தனுஷ்கோடி விவாதத்திலும் இவர் இப்படித்தான் நம் இலக்கியத்தைப் புறந்தள்ளினார்.

நெய்தல்வாசி:
அந்த நினைவு நம்மிடம் இருந்தும் நாகை மாவட்டத்தில் மட்டும் ஏறத்தாழ ஆறாயிரம் பேரைக் கடலுக்குக் கொடுத்தோம். என் கேள்வியே அதுதான், ஏட்டுச்சுவடி ஐயா. புகாரைக் கடல் ஏன் கொண்டது? சோழ மன்னன் மகனைத் தேடும் துயரில் இந்திர விழாவை மறந்ததால் என்கிறது மணிமேகலை. அந்தக் கதை மன்னனின் பிழையைச் சொல்கிறது, தெய்வத்தின் சினத்தைச் சொல்கிறது. கரையில் விளையாடும் பிள்ளை எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. சிமெலுவேயின் கதை காலுக்குச் சொன்ன கதை. நம்முடையது இழப்பை நினைத்து அழுவதற்குச் சொன்ன கதை.

நாகைக்குத் தெற்கே உள்ள எங்கள் ஊரில் அன்று ஞாயிற்றுக்கிழமை. மீன் ஏலம் முடியும் வேளையில் "கடல் பொங்குது" என்று யாரோ கத்தியபோது, என் சித்தப்பா படகிலிருந்த புது வலையை எடுக்கக் கடலை நோக்கி ஓடினார். வலையைத் தோளில் போட்டபடிதான் மூன்றாம் நாள் அவரைக் கண்டெடுத்தோம். கொண்டல் காற்று எப்போது வீசும், கச்சான் காற்று எப்போது திரும்பும் என்று தூக்கத்திலும் சொல்லக்கூடிய மனிதர் அவர். "எதையும் எடுக்க நில்லாதே" என்ற அந்த ஒரே வரியை மட்டும் அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. கோயிலுக்குப் பின்னாலிருந்த மணல்மேட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த கிழவி பிழைத்துக்கொண்டாள்.

அளவுகோல்:
உங்கள் சித்தப்பாவுக்காக உண்மையிலேயே வருந்துகிறேன். ஆனால் கடைசி வரியில் நீங்களே என் கட்சிக்குச் சாட்சி சொல்லிவிட்டீர்கள். கிழவிக்கு எந்தக் கதையும் தெரியாது. மேட்டில் நின்றாள், பிழைத்தாள். மேடுதான் காப்பாற்றியது.

நெய்தல்வாசி:
அதே மேடு சித்தப்பாவுக்கும் நூறு அடியில் இருந்தது!

கொண்டல்:
இந்த இழையில் மூன்று ஆண்கள் உரத்துப் பேசுகிறார்கள். ஸ்மோங் கதையைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்து வந்தவர்களில் வீட்டுப் பெண்களும் உண்டு என்பதை ஒருவரும் நின்று யோசிக்கவில்லை. பட்டயம் என்று அளவுகோல் எழுதிய சொல் எனக்கு வலித்தது. தாய்லாந்தின் சுரின் தீவுகளில் வாழும் மோக்கன் மக்களையும் நினைத்துப் பாருங்கள். மனிதரை விழுங்கும் அலையைப் பற்றிய முன்னோர் கதையைக் கேட்டு வளர்ந்ததால், கடல் வற்றியதைக் கண்டதும் அவர்கள் மேட்டுக்கு ஏறிவிட்டார்கள்.

அளவுகோல்:
அங்கும் குன்று இருந்தது. இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

குன்றே இல்லாத ஊரைச் சொல்கிறேன். புதுச்சேரியின் நல்லவாடு. சிங்கப்பூரில் இருந்த அவ்வூர் மகன் ஒருவர் தொலைக்காட்சியில் செய்தியைப் பார்த்து வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தார், சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்திருந்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் எச்சரிக்கை ஒலித்தது, ஊர் பிழைத்தது. அங்கே தாலாட்டும் இல்லை, ஸ்மோங்கும் இல்லை. நிலநடுக்கத்துக்கும் நாகையில் அலை வந்ததற்கும் இடையே ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் இருந்தது. அன்று இல்லாத எச்சரிக்கை மையம் 2007-இல் ஹைதராபாத்தில் வந்தது. உங்கள் பேரப்பிள்ளைகளை அதுதான் காக்கப்போகிறது.

ஏட்டுச்சுவடி:
மணிமேகலையை ஓட்டப்பயிற்சிக் கையேடாகப் படிப்பவரோடு வாதிடுவது வீண். அறம் தவறிய அரசால் நாடு அழியும் என்பது எந்த எச்சரிக்கை மையமும் தர முடியாத எச்சரிக்கை. நெய்தல்வாசி காப்பியத்தை முழுமையாகப் படித்தாரா என்பதே என் ஐயம்.

நெய்தல்வாசி:
படித்திருக்கிறேன், ஆதிரை பிச்சையிட்ட காதையைக் கண்ணீரோடு படித்திருக்கிறேன். காப்பியத்தை நான் இழிவுபடுத்தியதாகத் திரிப்பதை நிறுத்துங்கள்.

நல்லவாட்டுக்கு வருகிறேன். ஒலிபெருக்கியில் வந்த சொல்லை நம்பி ஊர் எழுந்து ஓடியது. மையம் அனுப்பும் குறுஞ்செய்தியை எங்கள் ஊரில் இன்று எத்தனை பேர் நம்பி ஓடுவார்கள்? புயல் எச்சரிக்கை நான்கு முறை பொய்த்த பிறகு ஐந்தாம் முறை படகைக் கரையேற்றாதவர்களை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். செய்தி காதுவரை வரும். காலை நகர்த்துவது சின்ன வயதில் கேட்டதுதான். இன்று எங்கள் ஊரில் டிசம்பர் 26 தோறும் மெழுகுவத்தி ஏற்றுகிறோம், பெயர்களைப் படிக்கிறோம், கடலில் பால் ஊற்றுகிறோம். அன்று பிறந்திராத பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். எந்த வழியாக ஓட வேண்டும் என்று அவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்வதில்லை. என் மகளுக்கு நான் சித்தப்பாவின் வலையைப் பற்றித்தான் சொல்கிறேன், திரும்பத் திரும்ப.

அளவுகோல்:
அவள் ஓடுவாள். எங்கே ஏறுவாள்? அந்த மணல்மேடு இன்னும் இருக்கிறதா?

நெய்தல்வாசி:
இல்லை, இறால் பண்ணைக்காக வெட்டிவிட்டார்கள். அந்த மேட்டின் கதை ஊருக்குத் தெரிந்திருந்தால் வெட்ட விட்டிருக்க மாட்டார்கள்.

அளவுகோல்:
ஆக, மேடுதான் முக்கியம் என்று இப்போது ஒப்புக்கொள்கிறீர்கள்.

நெய்தல்வாசி:
இல்லை. 1907-இல் சிமெலுவேயின் குன்றுகள் எங்கே போயிருந்தன? நான் இரண்டாம் முறை கேட்கிறேன். இதுவரை விடை வரவில்லை.