தங்கையை வெளிநாட்டுத் தொண்டுக்கு அனுப்பலாமா?

குலசேகரத்துக்காரன் (மஸ்கட்டிலிருந்து):
அனைவருக்கும் வணக்கம். என் தங்கை மார்த்தாண்டம் பக்கத்திலுள்ள ஒரு கல்லூரியில் இளங்கலை இரண்டாமாண்டு படிக்கிறாள். கோடை விடுமுறையில் ஆறு வாரம் கம்போடியாவிலுள்ள ஒரு குழந்தைகள் இல்லத்தில் ஆங்கிலம் கற்றுக்கொடுக்க மாணவர்களை அழைத்துச் செல்வதாக ஒரு நிறுவனத்தார் கல்லூரிக்கே வந்து பேசியிருக்கிறார்கள். கட்டணம் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ரூபாய். விமானச் சீட்டும் காப்பீடும் அதில் சேராது. அப்பா ரப்பர் பால் வெட்டுபவர். மழை பிடித்துவிட்டால் வெட்டு கிடையாது, கூலியும் கிடையாது. அப்படியிருந்தும் அம்மா தன் மூன்று பவுன் சங்கிலியைக் கூட்டுறவு வங்கியில் வைக்கத் தயாராகிவிட்டார்.

நான் எட்டு ஆண்டுகளாக வளைகுடாவில் இருக்கிறேன். வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் என்றால், 1983ஆம் ஆண்டு எமிகிரேஷன் சட்டப்படி பதிவு பெற்றவரா என்று கேட்டுவிடுவேன். இவர்களிடம் கேட்டபோது, “இது வேலை அல்லவே, சேவைதானே” என்றார்கள். போவது டூரிஸ்ட் விசாவிலாம். விசிட் விசாவில் போய் மாட்டிக்கொண்டவர் கதை நம் குமரி மாவட்டத்தில் ஊருக்கு ஒன்றாவது இருக்கும் என்பதால் எனக்கு மனம் ஒப்பவில்லை. தங்கையின் ஆசையைக் கெடுக்கவும் மனம் வரவில்லை. விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

தக்கலை வாத்தியார்:
தம்பி, அந்தப் பணத்தைக் கட்ட வேண்டாம். கல்லூரியில் பாடம் நடத்திய காலத்தில் பதினோரு ஆண்டுகள் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராகவும் இருந்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். அந்தத் திட்டம் 1969ஆம் ஆண்டு, காந்தியின் நூற்றாண்டில் தொடங்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணி, ஏழு நாள் சிறப்பு முகாம், முடிவில் சான்றிதழ். இதற்கு மாணவரிடம் யாரும் லட்ச ரூபாய் கேட்பதில்லை. குளம் தூர்வாரும் முகாமுக்கு அழைத்தால் தலைவலி என்று விடுப்புக் கடிதம் நீட்டிய பிள்ளைகள் கடல் கடந்து போய்க் கம்போடியாவில் தொண்டு செய்யப் போகிறோம் என்னும்போது, அதில் தொண்டு எத்தனை பங்கு, புகைப்படம் எத்தனை பங்கு என்று கேட்கத் தோன்றுகிறது.

குழந்தைகள் இல்லம் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கம்போடியாவின் இல்லங்களில் இருந்த குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிருடன் இருந்தார்கள் என்று யுனிசெப் அமைப்பே எடுத்துச் சொல்லி எச்சரித்தது. வெளிநாட்டார் காசு கட்டிக் குழந்தைகளைக் கொஞ்ச வருகிறார்கள் என்றால், காட்டுவதற்குக் குழந்தைகள் வேண்டும். ஏழைத் தாய் தகப்பனிடம் படிப்பு, சாப்பாடு என்று ஆசை காட்டிப் பிள்ளையைக் கூட்டிவந்துவிடுகிறார்கள். ஆஸ்திரேலியா 2018இல் நவீன அடிமைமுறைச் சட்டம் கொண்டுவந்தபோது இதையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. நம் நாட்டில் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி எந்தக் குழந்தைகள் இல்லமும் பதிவு செய்துதான் இயங்க வேண்டும். நாகர்கோவிலில் ஓர் இல்லத்துக்குள் சுற்றுலா விசாவில் வந்த பத்தொன்பது வயதுப் பிள்ளை நேராக நுழைந்து வகுப்பெடுக்க நாம் சம்மதிப்போமா?

நாகர்கோவில் சிவில்:
வாத்தியார் சாருக்கு வணக்கம். கம்போடியா இல்லத்தைப் பற்றிச் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த ஒன்றை வைத்துக்கொண்டு மாணவர்கள் வெளிநாட்டுத் தொண்டுக்கே போக வேண்டாம் என்று தீர்ப்பெழுதுவதை என்னால் ஏற்க முடியாது.

நான் 2018இல் சிவில் மூன்றாமாண்டு படிக்கும்போது நேபாளத்துக்குப் போனேன். 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் மிக மோசமாக அடிபட்ட சிந்துபால்சோக் மாவட்டத்தில் ஒரு பள்ளிக்குப் பின்புறம் மண் சரியாமலிருக்கக் கல்லும் கம்பிவலையும் கொண்டு தடுப்புச்சுவர் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். இந்தியருக்கு அங்கே விசா தேவையில்லை. திருவனந்தபுரத்தில் ராப்திசாகர் எக்ஸ்பிரஸ் ஏறிக் கோரக்பூரில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் எல்லையைக் கடந்தேன். தங்கியதற்கும் உண்டதற்கும் மட்டுமே பணம் கொடுத்தேன். கல்லூரியில் டோட்டல் ஸ்டேஷன் என்னும் மின்னணு அளவைக் கருவி வைத்து அளக்கப் படித்த எனக்கு, உள்ளே தெரியும் ஒரு நீளமான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, காற்றுக்குமிழி போகும்வரை அதை ஒரு விரலால் தட்டித் தட்டி, இரண்டு முனையிலும் தண்ணீர் நிற்கும் உயரத்தைக் கரித்துண்டால் குறித்து மட்டம் பார்ப்பது எப்படி என்று அந்த ஊர்க் கொத்தனார்தான் சொல்லிக்கொடுத்தார். இன்றும் என் வேலையில் அது உதவுகிறது.

தக்கலை வாத்தியார்:
மகளே, டியூப் வைத்து மட்டம் பார்க்கத் திங்கள்சந்தையில் எந்தக் கொத்தனாரைக் கேட்டாலும் அரைமணி நேரத்தில் சொல்லிக்கொடுப்பாரே! அதற்கு இமயமலை வரைக்கும் போக வேண்டுமா? நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது: கொடுக்கப் போன இடத்தில் நீங்கள்தான் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறீர்கள்.

நாகர்கோவில் சிவில்:
சார், வாங்கிக்கொண்டுதான் வந்தேன்; அதை மறைக்கவில்லை. திங்கள்சந்தைக் கொத்தனார் சொல்லிக்கொடுப்பார் என்பதும் உண்மைதான், ஆனால் யாருக்குச் சொல்லிக்கொடுப்பார்? கல்லூரியில் படிக்கும் பெண் சாரத்தின்கீழ் கொத்தனார் பக்கத்தில் உட்கார்ந்து சாந்து குழைத்தால், மாலைக்குள் அந்தச் செய்தி எங்கள் வீட்டு வாசலுக்கு வந்திருக்கும். இன்னார் மகள் இப்படி வெயிலில் நிற்கிறாளே என்று அத்தையிலிருந்து ஆலயத்துக்கு வருகிறவர்கள் வரை அம்மாவிடம் கேட்டிருப்பார்கள். சிந்துபால்சோக்கில் நான் யார் மகளும் இல்லை. கல் தூக்கினேன், திட்டு வாங்கினேன், தவறாகக் கட்டிய ஒரு வரிசையை நானே பிரித்துப் போட்டேன். நம் மாவட்டத்தில் படிப்பறிவுக்குக் குறைவில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் பெண்பிள்ளைகள் தனியாக ஓர் ஊரில் ஒரு வேலையை முடித்துவிட்டுத் திரும்பிவர எத்தனை வீடுகளில் சம்மதம் கிடைக்கிறது? தொண்டு என்ற பெயர் இருந்ததால்தான் எனக்கு அந்தச் சம்மதம் கிடைத்தது. இதைக் கணக்கில் சேர்க்காமல் “இங்கேயே செய்யலாமே” என்று சொல்வது ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் பொருந்தும் அறிவுரை.

குளச்சல் கடற்கரை:
இருவரும் போகிறவர் பக்கத்திலிருந்தே பேசுகிறீர்கள். தொண்டர்கள் வந்து இறங்கிய ஊரிலிருந்து நான் எழுதுகிறேன்.

2004 டிசம்பர் 26 அன்று கடல் ஊருக்குள் வந்தபோது நான் மூன்றாம் வகுப்பு. அதன்பின் பல மாதங்கள் நாங்கள் தற்காலிகக் குடியிருப்பில் இருந்தோம். உள்ளூர் ஆட்கள், பக்கத்து ஊர்க்காரர்கள், மீட்புக்கு வந்தவர்கள் செய்த உதவியை எங்கள் ஊர் மறக்காது. வெளிநாட்டுக் கல்லூரிப் பிள்ளைகளும் குழுக் குழுவாக வந்தார்கள். ஒவ்வொரு குழுவும் இரண்டு வாரமோ மூன்று வாரமோ இருக்கும். சாயங்காலம் எங்களை உட்காரவைத்து ஆங்கில எழுத்துகள் சொல்லித்தருவார்கள். எம் அல்லது என் வரும்போது அவர்களுக்குப் புறப்படும் நாள் வந்துவிடும். பலூன் கொடுப்பார்கள், கட்டிப்பிடித்து அழுவார்கள், போய்விடுவார்கள். அடுத்த குழு வந்து மறுபடியும் ஏ என்று தொடங்கும். நான் ஐந்து முறை ஏ-யிலிருந்து படித்தேன். இதில் ஒரு வேடிக்கை, எங்கள் பள்ளிக்கூடத்தில் இசட் வரைக்கும் எங்களுக்கு ஏற்கனவே சொல்லித்தந்திருந்தார்கள். அந்த அக்காமார் முகம் வாடுமே என்று தெரியாததுபோல உட்கார்ந்திருந்தோம். என் தம்பிக்கு அப்போது ஐந்து வயது. ஒவ்வொரு குழு போகும்போதும் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடப்பான். நான்காவது குழுவிலிருந்து யாருடைய பெயரையும் கேட்க மாட்டான்.

ஒரே ஒருவர் வேறு மாதிரி இருந்தார். மெக்கானிக் படிப்பு படித்த பையன். மண் புகுந்து கெட்டுப்போன வள்ளத்து எஞ்சின்களை எங்கள் ஆட்களோடு உட்கார்ந்து பிரித்து, கழுவி, மாட்டிக்கொண்டே எட்டு மாதம் இருந்தார். தமிழில் அவர் முதலில் கற்றது கெட்ட வார்த்தைகளைத்தான். மரச்சீனியும் சாளைக் கறியும் இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. அப்பா இன்றைக்கும் அவரை “எஞ்சின் தம்பி” என்றுதான் சொல்லுவார். ஆகவே வெளியிலிருந்து யாரும் வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரு தொழில் தெரிந்து வந்தார், அது முடியும்வரை இருந்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

தக்கலை வாத்தியார்:
கடற்கரைத் தங்கை எழுதியதைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. இதற்கு நம் மாவட்டத்திலேயே சான்று இருக்கிறது. நெய்யூர் மருத்துவமனையில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அறுவைச் சிகிச்சை செய்த டாக்டர் சோமர்வெல் 1922, 1924 ஆகிய இரண்டு எவரெஸ்ட் பயணங்களிலும் இருந்தவர். அவர் ஆறு வாரச் சான்றிதழுக்கா வந்தார்?

நாகர்கோவில் சிவில்:
சார், நல்ல ஆளை எடுத்துத் தந்தீர்கள்! அவர் நெய்யூருக்கு முதன்முதல் வந்தபோது சேவை செய்யும் திட்டத்தோடு வரவில்லையே. 1922 பயணம் முடிந்தபின் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கும் வழியில் வந்தார்; நோயாளிகள் கூட்டத்தையும் மருத்துவர் தட்டுப்பாட்டையும் கண்டார்; அதன்பிறகுதான் லண்டனில் கிடைத்த வேலை வாய்ப்பை விட்டுவிட்டுத் திரும்பி வந்தார். அந்தச் சில நாள் வருகை இல்லையென்றால் இருபது ஆண்டும் இல்லை. முதலில் எட்டிப் பார்க்க ஒரு வாய்ப்பு வேண்டாமா?

தக்கலை வாத்தியார்:
வரும்போதே அவர் அறுவைச் சிகிச்சை நிபுணர். முதல் உலகப் போரில் சோம் போர்க்களத்தில் காயம்பட்டவர்களைக் கண்டு கை தேர்ந்தவர். எட்டிப் பார்க்க வந்த இடத்திலும் கத்தியைப் பிடிக்கத் தெரிந்திருந்தது. பட்டப்படிப்பு முடிக்காத பிள்ளையின் கையில் என்ன இருக்கிறது என்பதே என் கேள்வி. ஆனாலும் பெண்பிள்ளைகளைப் பற்றி நீங்கள் சொன்னதற்கு என்னிடம் உடனடிப் பதில் இல்லை. என் முகாம்களில் பெண்கள் மாலை ஐந்து மணிக்கு வீடு திரும்பிவிட வேண்டும் என்ற விதியைப் போட்டவனே நான்தான்.

கருங்கல் மளிகை:
விசா விஷயத்தை யாரும் தொடவில்லையே. தாய்லாந்து போன்ற நாடுகளில் சம்பளமில்லாத தொண்டையும் வேலையாகவே எடுத்துக்கொண்டு அதற்குரிய விசாவும் அனுமதியும் கேட்பார்கள். டூரிஸ்ட் விசா போதும் என்று சொல்பவரிடம் அதை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மாட்டார்.

நாகர்கோவில் சிவில்:
கருங்கல் நண்பர் சொன்னது சரி. குலசேகரத்து அண்ணனுக்கு மாற்று வழிகளையும் சொல்லிவிடுகிறேன். ஐக்கிய நாடுகளின் தன்னார்வலர் அமைப்பு 1970ஆம் ஆண்டு உருவாக்கப்பட்டது; 18 முதல் 26 வயது வரையுள்ளவர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. விண்ணப்பிப்பவரிடம் ஒரு ரூபாய்கூட வாங்குவதில்லை, மாறாக வாழ்க்கைச் செலவுக்குப் படி தருகிறார்கள். ஜெர்மன் அரசின் “வெல்ட்வெர்ட்ஸ்” திட்டம் 2008இல் தொடங்கியபோது அந்நாட்டு இளைஞர்களை நம்மைப் போன்ற நாடுகளுக்கு அனுப்புவதாக மட்டும் இருந்தது. 2013 முதல் எதிர்த்திசையிலும் ஆட்களை எடுக்கிறார்கள். அதாவது நம் பிள்ளைகள் அங்கே போய் முதியோர் இல்லத்திலோ மாற்றுத்திறனாளிகள் மையத்திலோ பெரும்பாலும் ஓராண்டு பணி செய்யலாம். தங்குமிடம், காப்பீடு, கைச்செலவுப் பணம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஜெர்மன் தொண்டர்களை இங்கே ஏற்கும் அமைப்புகள் வழியாகத்தான் பொதுவாக விண்ணப்பிக்க வேண்டும். ஓராண்டு என்பதால் பட்டம் முடித்தபின் போவது நல்லது.

குலசேகரத்துத் தங்கை:
நான்தான் அந்தத் தங்கை. அண்ணன் இந்த இழையின் சுட்டியை அனுப்பினார். என்னைப் பற்றி இத்தனை பேர் பேசியிருக்கிறீர்கள், என்னிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. புகைப்படத்துக்காக நான் போக விரும்பவில்லை, சார். இதுவரை திருவனந்தபுரத்தைத் தாண்டியதில்லை, அதனால்தான் விரும்பினேன்.

படித்து முடித்ததும் அந்த நிறுவனத்துக்கு மூன்று கேள்விகள் அனுப்பினேன். இல்லத்தின் பதிவு எண் என்ன, விசா பற்றி எழுத்தில் தருவீர்களா, நான் கிளம்பிய பிறகு ஏழாவது வாரம் அந்த வகுப்பை யார் எடுப்பார்கள். முதல் இரண்டுக்கும் பதில் வரவில்லை. மூன்றாவதற்கு உடனே வந்தது: “கவலை வேண்டாம், அடுத்த குழு வந்துவிடும்.”

குளச்சல் கடற்கரை:
அந்தக் குழந்தைகள் மறுபடியும் ஏ-யிலிருந்து படிப்பார்கள், தங்கச்சி.

குலசேகரத்துத் தங்கை:
ஆமாம் அக்கா. அம்மாவிடம் சங்கிலியை எடுத்து உள்ளே வைக்கச் சொல்லிவிட்டேன். ஆனால் போகும் எண்ணத்தை விடவில்லை. நர்சிங் முடித்த எங்கள் தெரு அக்கா ஒருவர் வேலைக்காக ஜெர்மன் படிக்கிறார். அவரோடு நானும் சேரப் போகிறேன். சார், இந்த ஆண்டுச் சிறப்பு முகாமுக்கும் பெயர் கொடுத்திருக்கிறேன். ஐந்து மணி விதி இன்னும் இருக்கிறது.

தக்கலை வாத்தியார்:
இப்போதைய திட்ட அலுவலர் என் மாணவர். இரவு அவரிடம் பேசுகிறேன். ஜெர்மனி பற்றிய என் கருத்து மாறவில்லை. அங்குள்ள முதியோரைப் பார்க்க ஆளில்லாமல் நம் பிள்ளைகளை அழைக்கிறார்கள் என்பதே என் எண்ணம். அதைத் தனியாக எழுதுகிறேன்.