ஊழிய அழைப்பு தேவனிடமிருந்துதான் வந்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கேள்வி:
இரண்டு வருடமாக முழுநேர ஊழியத்துக்கு (தேவனுடைய பணிக்கு) போக வேண்டும் என்ற பாரம் மனதை விட்டு நீங்கவே இல்லை, ஜெபிக்க உட்கார்ந்தாலே அதுதான் வருகிறது, ஆனால் தரிசனமோ சத்தமோ எதுவும் இல்லை. கூட்டத்தில் பேசவும் வராது. இது அழைப்பா, என் சொந்த ஆசையா?

பதில் 1:
பேச வராது என்பதை வைத்து முடிவு பண்ணாதீர்கள். வேதாகமத்தில் கர்த்தர் அழைத்தபோது மோசே தன்னைத் திக்குவாய் என்றார், எரேமியா தீர்க்கதரிசி தன்னைச் சிறுபிள்ளை என்றார். கர்த்தர் இருவரையும் விடவில்லையே!

பதில் 2:
சகோதரரே, தனியாக முடிவெடுக்காதீர்கள். சிறுவன் சாமுவேல் தன்னைக் கூப்பிடும் சத்தம் கேட்டு மூன்று முறையும் ஆசாரியர் ஏலியிடம்தான் ஓடினான், கூப்பிடுவது கர்த்தர் என்று கண்டுகொண்டது அந்த முதியவர். பர்னபாவும் சவுலும் (இவர்தான் பவுல்) அந்தியோகியாவில் ஒரு வருடம் போதித்தவர்கள், அப்புறம்தான் சபை உபவாசித்து, ஜெபித்து, கைவைத்து அனுப்பியது (அப்போஸ்தலர் 11, 13). நான் யாரிடமும் கேட்காமல் வேலையை விட்டேன், வீட்டில் எல்லோரும் கஷ்டப்பட்டார்கள், அந்த வலி இன்னும் இருக்கிறது. உங்கள் போதகரிடம் மனம் திறந்து பேசுங்கள்.

பதில் 3:
வேலையை விட்டால்தான் ஊழியமா? பவுல் கொரிந்துவில் கூடாரம் செய்துகொண்டே பிரசங்கித்தார். இப்போதே ஞாயிறு பள்ளியிலோ நோயாளிகளைச் சந்திப்பதிலோ இறங்குங்கள், கனி வருகிறதா என்று பாருங்கள்.

கேட்டவர்:
சரி, இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகரிடம் பேசுகிறேன். ஜெபித்துக்கொள்ளுங்கள்.