பிளாக்லியில் பல கிளை ‘எனில்’ கட்டை: நடுக்கிளையை நீக்கினால் கீழ்க்கிளை ஓடவில்லை

மன்னைவாசி:
எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே கட்டை நிரலாக்கம், பிளாக்லி (கட்டைகளைச் செருகி நிரல் எழுத வைக்கும் மென்பொருள் நூலகம்) மேல் கட்டிக்கொண்டிருக்கிறோம். பயிற்சிக்கு எடுத்தது நெல்லின் ஈரப்பதம். 17 சதவீதம் வரை ‘எடு’, 20 வரை ‘ஒரு வெயில் காயவை’, 24 வரை ‘ரெண்டு வெயில்’, அதற்கு மேல் ‘களத்துக்குத் திருப்பு’. (17 கொள்முதல் நிலைய வரம்பு, மற்றவை பாடத்துக்காக நாங்கள் போட்டவை.)

கிளையைச் சேர்க்க, நீக்க பிளாக்லி தரும் பற்சக்கரக் குறி டேப்லெட்டில் விரலுக்கு அகப்படவில்லை என்று ஒவ்வொரு கிளைக்கும் + − பொத்தான் வைத்தோம். நடுக்கிளையை − போட்டு எடுத்தால் அதற்குக் கீழே உள்ள கிளை திரையில் நிற்கிறது, ஓட்டினால் அது இல்லவே இல்லை. சேமித்ததைத் திறந்தாலும் பிழை. இன்னொன்று, கட்டை ‘என்றால் [ஈரம் ≤ 17] செய்’ என்று படிக்கிறது. இது என்ன தமிழ்?

குடந்தையான்:
கிளைகளின் உள்ளீட்டுப் பெயர்கள் இஃப்0, டூ0, இஃப்1, டூ1 என்று எண்ணோடு போகும். கட்டைகளை ஜாவாஸ்கிரிப்டாக மாற்றும் குறிமுறை உருவாக்கி 0-இல் தொடங்கி ‘அடுத்த எண் இருக்கிறதா’ என்று கேட்டுக்கொண்டே போகும், இல்லாத எண்ணில் நின்றுவிடும். நீங்கள் இஃப்1-ஐப் பிடுங்கியதும் 0, 2 என்று இடைவெளி விழுந்துவிட்டது. அதனால் 2 கணக்கிலேயே வரவில்லை, பிழைச் செய்தியும் வராது.

சரிசெய்யும் முறை: நீக்க வேண்டிய கிளையில் செருகியிருப்பதைக் கழற்றுங்கள். கீழே உள்ள ஒவ்வொரு கிளையின் நிபந்தனையையும் செயலையும் ஒரு படி மேலே மாற்றிச் செருகுங்கள். பிறகு கடைசி எண்ணுள்ள உள்ளீட்டை மட்டும் நீக்குங்கள். இதெல்லாம் ஒரே நிகழ்வுக் குழுவுக்குள் (ஒரே அழுத்தலில் செயல்தவிர்க்கக் கூடிய தொகுதி) நடக்கட்டும், ‘மியூட்டேஷன்’ (கட்டையின் வடிவ) மாற்ற நிகழ்வையும் அதே குழுவில் அனுப்புங்கள். தவறினால் ‘செயல்தவிர்’ அழுத்தும்போது கட்டைகள் பாதி திரும்பும், பாதி அந்தரத்தில் தொங்கும்.

திறக்கும்போது வரும் பிழைக்குக் காரணம் பெரும்பாலும் கிளை எண்ணிக்கையைச் சேமிக்காததுதான். சேமிக்கும் ஜேசான் கோப்பில் ‘எக்ஸ்ட்ரா ஸ்டேட்’ பகுதியில் எத்தனை ‘இல்லை எனில்’, கடைசி ‘இல்லாவிட்டால்’ உண்டா என்ற இரண்டையும் எழுதுங்கள். அது இல்லாவிட்டால் கட்டை ஒற்றைக் கிளையோடு பிறக்கும், இஃப்1-இல் செருகப் போகும்போது இடம் இல்லை என்று நின்றுவிடும்.

நாகை நிரலர்:
மொழிச் சிக்கலுக்குப் புதுக் கட்டை வேண்டாம். தமிழில் ‘எனில்’ நிபந்தனைக்குப் பின்னால் வரும். பிளாக்லி ஒவ்வொரு கிளைக்கும் இரண்டு சொல் தருகிறது: நிபந்தனைக்கு முன்னால் ஒன்று, செயலுக்கு முன்னால் ஒன்று. முதல் சொல்லை வெறுமையாக விடுங்கள். செயலின் முன் ‘எனில்’ போடுங்கள். அடுத்த கிளைகளின் முதல் சொல் ‘அதுவும் இல்லாமல்’, கடைசிக்கு ‘எதுவும் இல்லையேல்’. இப்போது ‘[ஈரம் ≤ 17] எனில்: எடு. அதுவும் இல்லாமல் [ஈரம் ≤ 20] எனில்: காயவை’ என்று வாய்க்கு வருகிறபடி ஓடும்.

ஒரு பொறி உண்டு. செயலுக்கு முன் வரும் அந்தச் சொல் ‘திரும்பச் செய்’ கட்டையின் ‘செய்’ சொல்லிலிருந்து நகலெடுக்கப்படுகிறது. மூலத்தை மாற்றினால் ‘10 முறை எனில்’ என்று அங்கேயும் போய் உட்காரும். மொழிக் கோப்பை ஏற்றிய பிறகு, பணிப்பரப்பை உருவாக்கும் முன், கண்ட்ரோல்ஸ்_இஃப்_எம்எஸ்ஜி_தென் என்ற சொல்லை மட்டும் தனியே மாற்றுங்கள்.

திருவையாற்றுக்காரர்:
எட்டாம் வகுப்புக்கு + − எதற்கு? பிள்ளைகளுக்கான ஸ்கிராட்ச் நிரல் மொழியில் நிபந்தனைக்கு இரண்டே கட்டைதான், ‘இல்லை எனில்’ கிளையே கிடையாது. மூன்று கிளைக்கு உள்ளே உள்ளே செருகினால் போதும்.

குடந்தையான்:
மூன்று வரை சரி அண்ணே. இவர்களுக்கு நான்கு கிளை, ஒவ்வொன்றும் வலப்பக்கம் நகர்ந்து டேப்லெட் விளிம்பைத் தாண்டிவிடும். நடுவில் ஒரு வரம்பைச் சேர்க்கவும் மொத்தத்தையும் பிரிக்கணும்.

மன்னைவாசி:
கிளை நீக்கல், சொல் மாற்றம் இரண்டும் வேலை செய்கின்றன. ஆனால் எண் கேட்கும் பெட்டியில் ‘ரத்து’ அழுத்தினால் ‘எடு’ என்று வருகிறது!

நாகை நிரலர்:
ஜாவாஸ்கிரிப்டில் ரத்து செய்தது எண்ணாக மாறும்போது 0 ஆகிறது, 0 ≤ 17 உண்மை. எழுத்தைத் தட்டினால் ‘எண் அல்ல’ என்ற மதிப்பு வரும். அது சிறிது, பெரிது, சமம் என்ற எந்த ஒப்பீட்டிலும் பொய், நேராக ‘திருப்பு’ கிளைக்குப் போய் நல்ல நெல்லையும் திருப்பி அனுப்பும். முதல் கிளையாக ‘[அல்ல [ஈரம் > 0]] எனில்: மறுபடி அளந்து சொல்’ என்று வையுங்கள். ‘ஈரம் ≤ 0’ என்று எழுதக் கூடாது, அது ‘எண் அல்ல’ என்பதைப் பிடிக்காது.

இன்னும் ஒன்று. பிள்ளைகள் ‘17ஐவிடப் பெரிது மற்றும் 20 வரை’ என்று இரண்டு எல்லையும் எழுதுவார்கள். மேலிருந்து கீழாகச் சோதிப்பதால் மேல் எல்லை போதும், சிறிய எண் முதலில் வரவேண்டும், அவ்வளவுதான். 20ஐ முதலில் வைத்தால் 17இன் முறை வரவே வராது. பின்னாளில் சென்சர் மாட்டினால் அளவை ஒரு மாறியில் வாங்கிய பிறகே கட்டைக்குள் போங்கள். நேரடியாகச் செருகினால் ஒவ்வொரு நிபந்தனையும் புதிதாக அளக்கும்: முதலில் 17.1, அடுத்ததில் 16.9. இரண்டு எல்லையும் எழுதியிருந்தால் அந்த மூட்டை எந்தக் கிளையிலும் சிக்காமல் கடைசிக்குப் போய் விழும்.