படம் தெளிவில்லை என்று கட்டுரை திரும்பி வந்துவிட்டது, உதவி தேவை

கேள்வி (ராணிப்பேட்டை)
வணக்கம். பாலாற்றுப் படுகையில் தோல் தொழிற்சாலைகளை ஒட்டிய கிணறுகளில் குரோமியம் எவ்வளவு என்பது என் பிஎச்டி ஆய்வு. கட்டுரையை ஒரு ஜர்னலுக்கு அனுப்பினேன். மதிப்பிடும் ரிவ்யூவருக்குப் போகாமலே திரும்பிவிட்டது. படம் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) இல்லை, வரி எண் இல்லை, ரிவ்யூவருக்குத் தெரியக் கூடாத எழுதியவர் பெயர் தெரிகிறது என்கிறார்கள். மேப்பைக் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் போட்டு, பவர்பாயின்டில் ஊர்ப்பெயர் சேர்த்து, வேர்டில் ஒட்டியிருந்தேன். போட்டோஷாப்பில் 300 என்று மாற்றியும் வாலாஜா, மேல்விஷாரம் எல்லாம் மங்கலாகவே தெரிகின்றன. என்ன செய்யலாம்?

பதில் (காட்பாடி)
தம்பி, 300 என்று மாற்றினால் மட்டும் படம் தெளியாது. பிக்சல்தான் கணக்கு. அச்சில் ஒரு பத்தி அகலம் 85 மி.மீ. என்றால் சுமார் 1004 பிக்சல் வேண்டும். பக்க அகலம் 170 மி.மீ. என்றால் 2008. இல்லாத பிக்சலைப் போட்டோஷாப் ஊகித்துத்தான் நிரப்பும், அதனால்தான் எழுத்து மங்குகிறது. வேர்டில் ஒட்டிய படத்தையும் திரும்ப எடுக்காதீர்கள். சேமிக்கும்போது வேர்டு படத்தைச் சுருக்கிவிடும். அதன் வழக்கமான அளவு அங்குலத்துக்கு 220 பிக்சல்.

பவர்பாயின்டே வேண்டாம். ஊர்ப்பெயர், அளவுகோல், வடக்கு அம்பு எல்லாவற்றையும் கியூஜிஐஎஸ் பிரின்ட் லேஅவுட்டிலேயே வையுங்கள். முதலில் பக்க அகலத்தை 170 மி.மீ. ஆக்கிவிட்டு, எழுத்தை 8 பாயின்டில் போடுங்கள். அப்புறம் 300 டிபிஐயில் டிஃப் (TIFF) படக் கோப்பாக எடுங்கள். ஃபைல் பெரிதாக இருந்தால் எல்இசட்டபிள்யூ (LZW) என்ற சுருக்கும் முறை போதும், தரம் குறையாது. கைடுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமென்டாக அனுப்புங்கள். போட்டோவாகப் போனால் மறுபடியும் சுருங்கும்.

பதில் (ஆம்பூர்)
வரி எண்ணுக்கு வேர்டில் லேஅவுட், லைன் நம்பர்ஸ், கன்டினியூவஸ். அவ்வளவுதான்.

பெயர் விஷயத்தில்தான் பலரும் மாட்டுகிறார்கள். முதல் பக்கத்தைத் தனி ஃபைலாக்கினால் போதாது. நன்றியுரை, நிதி விவரம், "எங்கள் முந்தைய ஆய்வில்" என்ற வரி எல்லாமே காட்டிக்கொடுக்கும். ஃபைல், இன்ஃபோவில் இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட் ஓட்டிப் பாருங்கள். கணினியில் பதிந்த உங்கள் பெயர் அங்கே ஒளிந்திருக்கும். ஆனால் ராணிப்பேட்டை என்ற பெயரை எடுத்துவிடாதீர்கள். எந்த ஊர்க் கிணறு என்று தெரியாமல் இந்தத் தரவுக்கு மதிப்பே இல்லை. அந்தத் தண்ணீரை நம்பி இருப்பவர்களுக்காகவாவது இது அச்சில் வர வேண்டும்.

கேள்வி (ராணிப்பேட்டை)
மிக்க நன்றி அண்ணா. புது டிஃப்பில் பெரிதாக்கிப் பார்த்தாலும் ஊர்ப்பெயர்கள் கூர்மையாக இருக்கின்றன. இன்னொன்று: குடிநீரில் குரோமியத்துக்கான வரம்பு உரையில் 0.05 மி.கி./லி. என்றும், அட்டவணையில் 50 மைக்ரோகிராம்/லி. என்றும் இருக்கிறது. இரண்டும் ஒன்றுதானே, அப்படியே விடலாமா?

பதில் (காட்பாடி)
விடாதீர்கள். அளவு ஒன்றுதான், ஆனாலும் கட்டுரை முழுக்க ஒரே அலகு இருக்கட்டும். மைக்ரோகிராமே வையுங்கள், உங்கள் அளவுகளுக்கு வசதி. அதைவிட முக்கியம், இந்தியக் குடிநீர்த் தர விதியான ஐஎஸ் 10500 சொல்லும் அந்த 0.05 மி.கி./லி. மொத்தக் குரோமியத்துக்கான வரம்பு. நீங்கள் அளந்தது மொத்தமா, ஆறிணைதிறன் குரோமியமா (Cr VI, அதிக நச்சுள்ள வடிவம்) என்று ஒவ்வொரு அட்டவணைத் தலைப்பிலும் எழுதிவிடுங்கள். ரிவ்யூவர் முதலில் கேட்பது அதுவாகத்தான் இருக்கும்.