புல்வெளிப் பனியில் ஒளிவட்டம்: கடவுளா, வில்லையா?

இளவெயில்:
படைப்பின் அழகில் கடவுளைக் காண மலை, அருவி என்று அலைய வேண்டாம். விடியற்காலைப் புல்வெளி போதும். மேகமும் காற்றும் இல்லாத இரவுக்கு மறுநாள், சூரியன் எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் போங்கள். சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, புல்மேல் விழும் உங்கள் தலை நிழலைப் பாருங்கள். சூரியன் 10 டிகிரி உயரத்தில் இருந்தால் நிழல் ஆள் உயரத்தைப்போல் ஐந்தரை மடங்குக்கு மேல் நீளும். முன்னால் பத்து மீட்டராவது புல் வேண்டும். யாரும் நடக்காத புல்லாக இருக்கட்டும், கால் பட்டால் துளி உதிர்ந்துவிடும். தலை நிழலைச் சுற்றி வெண்ணிற ஒளி தெரியும். நீங்கள் நகர்ந்தால் அதுவும் நகரும். பேசாமல் பத்து நிமிடம் நில்லுங்கள். அதற்குப் பிறகும் படைத்தவன் இல்லை என்பவரோடு வாதாட எனக்கு ஒன்றுமில்லை.

கேள்விக்குறி:
எனக்கு இருக்கிறது. நீர்த்துளி ஒரு உருண்டை வில்லை (லென்ஸ்). அதற்குள் புகும் வெயில், துளியின் பின்பக்கத்திலிருந்து ஏறக்குறைய ஓர் ஆரத் தொலைவு தாண்டிக் குவியும். 1 மி.மீ. துளி என்றால் அரை மி.மீ. தள்ளி. இலையின் நுண்மயிர்கள் துளியைச் சற்றே தூக்கிப் பிடித்திருப்பதால், குவியும் இடத்தில் இலைப்பரப்பு அமைந்துவிடுகிறது. அங்கே பட்டுச் சிதறும் ஒளி அதே துளி வழியாக, வந்த திசைக்கே திரும்புகிறது. அந்தத் திசையில் இருப்பது உங்கள் கண் மட்டும்தான். மழைக்குப் பின் நீர் இலையில் தட்டையாகப் படர்ந்துவிட்டால் இந்த ஒளி அநேகமாக வராது. மழை பெய்தால் கடவுள் விடுப்பில் போய்விடுகிறாரா?

இன்னொன்று. பக்கத்தில் நிற்பவர் தலையைச் சுற்றி உங்களுக்கு ஒளி தெரியாது. அவருக்கு உங்களுடையது தெரியாது. 16ஆம் நூற்றாண்டு இத்தாலியப் பொற்கொல்லரும் சிற்பியுமான பென்வெனுட்டோ செல்லினி இதைத் தனக்குக் கிடைத்த தெய்வ அடையாளம் என்றே தன்வரலாற்றில் எழுதிவைத்தார். அழகை ஆதாரமாக எடுத்தால் இங்கேதான் வந்து நிற்கும்.

வேரடி:
இடையில் ஒரு திருத்தம். புல் நுனியில் ஒற்றையாகத் தொங்கும் பெரிய துளியைக் காட்டி 'வானம் தந்த பனி' என்று உருகுகிறவர்கள் உண்டு. அது பெரும்பாலும் பனியே அல்ல. மண்ணில் ஈரம் மிகுந்து, காற்றும் ஈரமாக இருக்கும் இரவில், வேரின் அழுத்தம் சாற்றை மேலே தள்ளி இலை ஓரத்துத் துளைகள் வழியே கசியவிடுகிறது. காய்ந்தால் சில நேரம் வெள்ளைத் தடம் இருக்கும், உப்பு. உண்மையான பனி, இரவில் குளிர்ந்த இலைப்பரப்பு முழுதும் பொடித்துளியாகப் படியும். ஒளிவட்டத்துக்கு வேண்டியது அதுதான்.

நிழல்மரம்:
நான் நம்பிக்கையாளன், ஆனாலும் இளவெயில் சொல்வதை ஏற்க முடியவில்லை. விளக்கம் கிடைக்காத இடத்தில் கடவுளை உட்கார வைத்தால், விளக்கம் வந்ததும் அவரை எழுப்பி அனுப்ப வேண்டியிருக்கும். கேள்விக்குறி சொன்ன ஒவ்வொரு வரியும் சரி. அதனால் என்ன? துளி ஒளியை வளைக்கிறது என்பதும், அந்த ஒழுங்கு இருப்பதற்கே நன்றி சொல்வதும் ஒன்றையொன்று வெட்டுவதில்லை. இது வழிபாடு, நிரூபணம் அல்ல.

கேள்விக்குறி:
சரி, நன்றி என்றே வைத்துக்கொள்வோம். அதே புல்வெளியில் ஒட்டுண்ணிக் குளவி உயிருள்ள புழுவுக்குள் முட்டையிடும். குஞ்சுகள் பல இனங்களில் உயிருக்கு அவசியமான உறுப்புகளைக் கடைசிக்கு விட்டுவைத்துத் தின்னும். இரை சீக்கிரம் செத்தால் அவற்றுக்கும் நஷ்டம். டார்வின் 1860இல் அமெரிக்கத் தாவரவியலாளர் ஏசா கிரேவுக்கு எழுதிய கடிதத்தில் இந்தக் குளவியைச் சொல்லித்தான், கருணையுள்ள, எல்லாம் வல்ல கடவுள் திட்டமிட்டுப் படைத்திருப்பார் என்று நம்ப முடியவில்லை என்றார். பனிக்கு நன்றி சொல்லும் பத்து நிமிடத்தில் குளவிக்கு எத்தனை நிமிடம்?

நிழல்மரம்:
நியாயமான கேள்வி. விவிலியத்தின் யோபு நூலில், துன்பத்தில் தவிக்கும் யோபுவுக்குக் கடவுள் பதில் பேசும் 38, 39ஆம் அதிகாரங்களைப் பாருங்கள். பனித்துளியைப் பெற்றெடுத்தவர் யார் என்று கேட்கும் அதே உரை, கழுகுக் குஞ்சுகள் இரத்தம் உறிஞ்சுவதில் போய்த்தான் முடிகிறது. அழகானதை மட்டும் பொறுக்கி எடுக்கவில்லை. என் பரிந்துரையும் அதுதான்: பத்து நிமிடத்தில் பாதியைப் புல்லின் அடியில் நடப்பதைக் குனிந்து பார்க்கக் கொடுங்கள்.

கேள்விக்குறி:
யோபு கேட்டது தன் துன்பத்துக்குக் காரணம். கிடைத்தது விலங்குகளின் பட்டியல். அதைப் பதில் என்று நான் எண்ண மாட்டேன்.

இளவெயில்:
இருவரும் புத்தகத்துக்குள் போய்விட்டீர்கள். வெளியே போய் ஒரு படமாவது எடுத்துப் போடுங்கள்.

கேள்விக்குறி:
எடுக்கலாம். கேமராவைக் கை நீட்டித் தலையிலிருந்து தள்ளிப் பிடியுங்கள். படத்தில் ஒளிவட்டம் உங்கள் தலை நிழலில் இருக்காது, கேமராவின் நிழலைச் சுற்றித்தான் விழும். அதற்கும் அருள் கிடைத்ததா என்று சொல்லுங்கள்.